மூன்றாம் தண்ணீர்

லோர்னா ஹ்ருஸ்காவுக்கு அந்த வகுப்பில் சேர மனமே இல்லை. பொறியியல் மூன்றாம் ஆண்டில் தொண்ணூறு பையன்களுக்கு நடுவே நான்கே பெண்கள்; அவர்களில் ஒருத்தி அவள். இரண்டரை வருடமாக அவள் பட்ட பாடெல்லாம் ஒன்றே ஒன்றுக்காகத்தான். தன்னை யாரும் 'பெண் இஞ்சினியர்' என்று சொல்லக்கூடாது, வெறுமனே இஞ்சினியர் என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவள் போய் 'அமெரிக்கச் சமூகம்: பெண்கள், தொழில்நுட்பம், அறிவியல்' என்ற வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தால் கூடப் படிக்கிற பையன்கள் சும்மா விடுவார்களா?

ஆனால் பட்டம் வாங்க ஒரு வரலாற்றுப் பாடம் கட்டாயம். உள்நாட்டுப் போர் வகுப்பு வெப்பவியல் ஆய்வுக்கூட நேரத்தில் வந்தது. ரோமாபுரி வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். 1983 ஜனவரியில், விஸ்கான்சின் குளிரில் கண் இமை ஒட்டிக்கொள்கிற ஒரு காலையில், தொப்பியை மூக்கு வரை இழுத்து விட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வரலாற்றுத் துறைக் கட்டடத்துக்குள் நுழைந்தாள்.

வகுப்பில் பதினேழு பேர். பேராசிரியை மார்கிட் ஆஸ்ட்பி ஐம்பது வயதுக்காரர், நல்ல உயரம், கம்பளிச் சட்டையின் இரண்டு முழங்கையிலும் சாக்பீஸ் தூள். அந்தப் பாடத்தைக் கல்லூரிக்குள் கொண்டுவர ஆறு வருடம் ஒவ்வொரு துறைக் கூட்டமாக ஏறி இறங்கி வாதாடியவர். அதனாலோ என்னவோ, யார் எதிர்த்துப் பேசினாலும் அவருக்குக் கோபம் வராது, குஷிதான் வரும்.

லோர்னாவின் வலது பக்கம் பெவ் ஸ்டாஹோவியாக். முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகளின் தாய், பள்ளிக்கூட அலுவலகத்தில் பாதிநாள் வேலை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் கல்லூரிக்கு வந்து படிக்கிறாள். பின்வரிசையில் கர்ட்டிஸ் வீம்ஸ். மில்வாக்கி நகரத்துப் பையன், கல்லூரிப் பாடகர் குழுவில் முதல் குரல். வாயைத் திறந்தால் பாட்டு, இல்லாவிட்டால் கிண்டல். முதல் வாரத்திலேயே லோர்னாவுக்கு 'இஞ்சினியரம்மா' என்று பேர் வைத்துவிட்டான்.

ஏப்ரல் வரை லோர்னா வாயே திறக்கவில்லை. குறிப்பு எடுத்தாள், தேர்வு எழுதினாள், போனாள். அவள் வாயைத் திறக்க வைத்தது சலவை இயந்திரம்.

"வீட்டுக்கு மின்சாரம் வந்துச்சு, குழாய் வந்துச்சு, சலவை மெஷின் வந்துச்சு," என்றார் ஆஸ்ட்பி. "ஆனா அமெரிக்கப் பெண்கள் வீட்டு வேலைக்குச் செலவழிச்ச நேரத்தைக் கணக்கெடுத்துப் பார்த்தா, ரொம்ப வருஷத்துக்கு அது குறையவே இல்லை."

லோர்னாவின் கை தானாக மேலே போயிற்று.

"இது எப்படி முடியும், புரொபசர்? மெஷின் வந்தா வேலை குறையணும். அதுக்குத்தானே மெஷினே செய்யறோம்?"

"செய்யறது நீங்க. துவைக்கிறது யாரு?" என்றது பின்வரிசைக் குரல்.

"நீ சும்மா இரு கர்ட்டிஸ்," என்றாள் லோர்னா.

பெவ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "கண்ணு, நான் சொல்றேன் கேளு. எங்கம்மா திங்கக்கிழமை மட்டும்தான் துவைச்சா. ஒரு சட்டை போட்டா நாலு நாள் போடணும், இல்லைன்னா முதுகுல ரெண்டு விழும். இப்ப எங்கிட்ட மெஷின் இருக்கு. எம் பையன் ஒரு நாளைக்கு மூணு சட்டை மாத்தறான். திங்க, செவ்வா, புதன்னு தினம் தினம் நான்தான் துவைக்கிறேன்!"

வகுப்பே சிரித்தது. லோர்னா சிரிக்கவில்லை.

"இது ஒரு வீட்டுக் கதை. அளவு வேணும். கையால துவைச்சா எத்தனை மணி, எத்தனை வாளி தண்ணி, எத்தனை விறகு? யாராவது அளந்தாங்களா?"

ஆஸ்ட்பியின் முகம் அப்படியே மலர்ந்தது. ஆறு வருடம் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான் என்பதுபோல மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அளந்துடுவோம். நீதான் தலைமை."

அப்படித்தான் ஆரம்பித்தது. மே ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, வரலாற்றுக் கட்டடத்தின் பின்புறம் இருந்த பழைய அடிபம்பு பக்கத்தில், நூறு வருடத்துக்கு முன்பு துவைத்தது போலவே துவைப்பது என்று முடிவாயிற்று. எப்படித் துவைத்தார்கள் என்று தெரிய வேண்டுமே? அதற்கும் ஆஸ்ட்பியிடம் வழி இருந்தது. அல்தியா பிக்ஃபோர்ட் என்று ஒரு பண்ணைக்காரரின் மனைவி, இதே மாவட்டம். 1880களில் அவள் எழுதிய குறிப்பு நோட்டு கல்லூரி நூலகத்தில் இருந்தது. அதில் சலவை பற்றிய இரண்டு பக்கத்தை நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார்.

"முழு நோட்டும் மூணாவது மாடியில இருக்கு. போய்ப் படிங்க," என்றும் சொன்னார். யாரும் போகவில்லை.

லோர்னா அந்த இரண்டு பக்கத்தைக் கட்டம் போட்ட தாளில் ஒரு திட்டமாக மாற்றினாள். ஊறவைத்தல் இத்தனை நிமிடம், சோப்பு சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தல் இத்தனை நிமிடம், தேய்ப்புப் பலகைக்கு நான்கு பேர், பிழியும் உருளைக்கு இரண்டு பேர். எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். 'மூன்று தண்ணீரில் அலசவும். அதன் பிறகே நீலம்.'

"மூணு தடவை எதுக்கு?" என்றாள். "ஒரே தடவை நிறையத் தண்ணியில அலசினா முடிஞ்சுது. முப்பது வாளி மிச்சம்."

"அந்தம்மா மூணுன்னு எழுதியிருக்காங்களே," என்றாள் பெவ்.

"அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் மூணுதான் பெவ். சாமி கும்பிட்டாலும் மூணு, கண்ணு படாம இருக்க மரத்தைத் தட்டினாலும் மூணு. இதுக்கு ஒரு காரணமும் எழுதலை பாருங்க."

காரணம் எழுதாததை லோர்னா ஏற்றுக்கொள்வதில்லை. பேனாவால் இரண்டு அலசலை அடித்தாள்.

துவைக்கத் துணி வேண்டும். பதினேழு பேரும் அழுக்குத் துணி கொண்டுவந்தால் ஜீன்ஸ்தான் சேரும். வெள்ளைத் துணி இருந்தால்தான் நீலம் போட்டுப் பார்க்க முடியும். அங்கேதான் கர்ட்டிஸ் முன்னால் வந்தான்.

"எங்க குழுவோட அங்கி இருக்கு. இருபத்திரண்டு. எல்லாம் வெள்ளைப் பருத்தி. சனிக்கிழமை கச்சேரி. துவைச்சு வைக்கிற பொறுப்பு என்னோடதுதான்."

"உங்க பாட்டு டைரக்டர் ஒத்துக்குவாரா?" என்றாள் லோர்னா.

"ஹால்ஸ்டெட் சார்தானே? 'அங்கியைத் துவைச்சுடறேன் சார்'னு சொன்னேன். 'நல்லது'ன்னாரு."

"யார் துவைக்கப் போறாங்கன்னு சொன்னியா?"

"அவரு கேக்கலை. கேக்காததுக்கெல்லாம் பதில் சொன்னா அதிகப்பிரசங்கின்னு சொல்லுவாங்க, இஞ்சினியரம்மா."

திங்கட்கிழமை நல்ல வெயில். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிய நீலப்பொடியை லோர்னா முந்தின நாளே உப்பில்லாத தண்ணீரில் அரைத்துக் குப்பியில் அடைத்து வைத்திருந்தாள். கழுத்தில் நேரம் அளக்கும் கடிகாரம், கையில் அட்டை. முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் பாடிக்கொண்டே அடித்தார்கள். இரண்டாவது மணியில் பாட்டு நின்றது. மூன்றாவது மணியில் கால்பந்தாட்டக்காரன் ஒருவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்து, "எங்க பாட்டியோட அம்மா இதைப் பண்ணிக்கிட்டே ஒன்பது பிள்ளை பெத்தாளாம்," என்று நம்ப முடியாத குரலில் சொன்னான்.

"ஒன்பது பிள்ளையோட துணியும் சேத்து," என்றாள் பெவ், பலகையில் தேய்த்துக்கொண்டே.

மத்தியானம் இரண்டரைக்கு முடிந்தது. ஐம்பத்தோரு வாளி தண்ணீர். லோர்னாவின் தோள் இரண்டும் தன்னுடையதாகவே இல்லை. ஆனால் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் இருபத்திரண்டு அங்கியும் காற்றில் ஆடியபோது பார்க்க வேண்டுமே! நீலம் பாய்ந்த வெள்ளை, கண் கூசியது. அந்த வழியாகப் போன தாவரவியல் பேராசிரியர் சைக்கிளை நிறுத்தி, "இது எந்த சோப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஒரே அலசல்தான்," என்றாள் லோர்னா பெவ்விடம். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை இஸ்திரி. பெவ்வின் சமையலறையில், அடுப்பில் வைத்துச் சூடேற்றும் பழைய இரும்புப் பெட்டிகள் நான்கு. முதல் அங்கியைப் பெவ் மேஜையில் விரித்து, பெட்டியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். இன்னொரு இழுப்பு. பிறகு பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"லோர்னா. இங்க வா."

அங்கியின் மார்பில் பழுப்பாக ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று. சூடு பட்ட இடமெல்லாம் ஒவ்வொன்றாகப் பூத்துக்கொண்டிருந்தது, துருப்பிடித்த ஆணியைத் துணியில் சுற்றி வைத்தது மாதிரி.

"பெட்டியில துரு இருக்கும்," என்றாள் லோர்னா. பெட்டியைத் துடைத்தார்கள், மணலில் தேய்த்தார்கள், வேறு அங்கியை எடுத்தார்கள். அதிலும் பூத்தது. மூன்றாவதைப் பெவ்வின் மின்சாரப் பெட்டியால் தேய்த்தார்கள். அதிலும்.

கர்ட்டிஸ் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். "ஹால்ஸ்டெட் சார் என்னைக் கொன்னுடுவாரு. முதல்ல கொல்லுவாரு, அப்புறம் குழுவை விட்டுத் தூக்குவாரு. ரெண்டும் ஒரே நாள்ல."

"மறுபடி துவைச்சா?" என்றாள் பெவ்.

மறுபடி மெஷினில் துவைத்தார்கள். புள்ளி போகவில்லை, இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

லோர்னா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப்பொடியில் இரும்பு உண்டு. சோப்பும் சோடாவும் காரம். துணியில் காரம் மிச்சமிருந்து, அதன்மேல் நீலம் போட்டு, சூடு காட்டினால்? முதல் ஆண்டுப் பையனுக்குத் தெரிகிற வேதியியல். நீலம் உடையும், இரும்பு துருவாக நிற்கும். காரம் மிச்சமில்லாமல் போக எத்தனை முறை அலச வேண்டும்?

"மூணு," என்றாள் வாய்விட்டு. அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"என்ன மூணு?"

"ஒண்ணுமில்லை. என் தப்பு. முழுக்க முழுக்க என் தப்பு."

பெவ் திட்டவில்லை. "தப்பு பண்ணினது சரி. இப்ப எப்படிப் போக்கறதுன்னு பாரு," என்று ஒரு அங்கியை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

புதன்கிழமை வெப்பவியல் வகுப்பை விட்டுவிட்டு லோர்னா நூலகத்தின் மூன்றாவது மாடிக்குப் போனாள். ஆய்வுக்கூடத்தில் முதலிலேயே கேட்டுப் பார்த்தாயிற்று; துருவைக் கரைக்கும் அமிலம் குப்பியின் அடியில் அரை ஸ்பூன்தான் இருந்தது. எழுதிப் போட்டால் இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள்.

அல்தியா பிக்ஃபோர்டின் நோட்டு ஒரு தட்டைப் பெட்டியில் இருந்தது. கறுப்பு அட்டை, நெருக்கமான கையெழுத்து, பென்சில். லோர்னா நாற்காலி நுனியில் உட்கார்ந்து புரட்டினாள். கோழி முட்டை எத்தனை, மழை எப்போது, பசு கன்று போட்டது, போதகர் வந்து மூன்று துண்டு கேக் சாப்பிட்டார், நான்காவதையும் பார்த்தார். படிக்கப் படிக்க லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அறுபதாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது.

'பக்கத்துப் பண்ணை ஹென்ரியட்டா இரண்டாம் தண்ணீரோடு நிறுத்திவிட்டாள். அவள் மேஜைவிரிப்பு முழுவதும் துரு. நீலத்தைக் குறை சொல்கிறாள். நான் சோடாவைச் சந்தேகிக்கிறேன். துருவைப் போக்குவது எது என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.'

பக்கத்தைத் திருப்பினாள். அங்கே, தாளில் வரிசையாக, சின்ன ஊசியால் குத்தி வைத்த ஆறு துணித் துண்டுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்.

ஆறு துண்டையும் ஒரே விரிப்பிலிருந்து வெட்டியிருந்தாள் அல்தியா. ஆறிலும் வேண்டுமென்றே துரு ஏற்றியிருந்தாள். முதல் துண்டுக்குப் புளித்த பால். இரண்டாவதற்கு உப்பு மட்டும். மூன்றாவதற்கு எலுமிச்சையும் உப்பும், வெயிலில் ஒரு நாள். நான்காவதற்கு வினிகர். ஐந்தாவதற்கு ரூபார்ப் தண்டு கொதித்த தண்ணீர். 'எலுமிச்சை நன்று, ஆனால் கடையில் எப்போதும் கிடைப்பதில்லை. ரூபார்ப் அதைவிட நன்று, கொல்லையில் சும்மா கிடக்கிறது.' ஆறாவது துண்டு இன்னும் பழுப்பாகவே இருந்தது. அதன் கீழே: 'இதற்கு ஒன்றும் போடவில்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க.'

லோர்னா அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தாள். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பார்களே: எதைச் சோதித்தாலும் ஒன்றை ஒன்றும் செய்யாமல் அப்படியே வை, இல்லையென்றால் எதால் எது நடந்தது என்று உனக்கே தெரியாது என்று. இந்த அம்மாளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கோழிக்கும் போதகருக்கும் நடுவில், சமையலறையில் நின்றபடி, இவளே கண்டுபிடித்திருக்கிறாள். ஐந்தாவது துண்டு தொண்ணூற்றைந்து வருடம் கழித்தும் பால்போல இருந்தது.

"அம்மா தாயே," என்றாள் லோர்னா. நூலகர் நிமிர்ந்து பார்த்தார். "மன்னிச்சுக்கங்க. இங்க நகல் எடுக்கலாமா? நிறைய எடுக்கணும்."

ரூபார்ப்புக்கு விஸ்கான்சினில் மே மாதத்தில் பஞ்சமே இல்லை. எந்த வீட்டுக் கொல்லையிலும் யானைக்காது இலையோடு கொத்துக் கொத்தாக நிற்கும். சிவந்த தண்டைக் கடித்தால் பல் கூசும். வியாழக்கிழமை மத்தியானம் வரலாற்று வகுப்பு வகுப்பறையில் நடக்கவில்லை. நடந்ததை லோர்னா ஆஸ்ட்பியிடம் முந்தின நாளே ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். அவர் கேட்டுவிட்டு, "அந்த ஆறாவது துண்டை எனக்குக் காட்டறியா?" என்று மட்டும் கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த நோட்டிலிருந்து இரண்டு பக்கம் நகல் எடுத்தவர், மீதியை அவரும் சரியாகப் படித்ததில்லை. "நான் சலவையைத் தேடிப் போனேன், சலவை கிடைச்சுது, திரும்பிட்டேன்," என்றார். "நீ மட்டுமில்லை, நானும்தான்."

பதினேழு பேரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். "உங்க கொல்லையில ரூபார்ப் இருக்கா? பாட்டு அங்கியைக் காப்பாத்தணும்." முதல் தெருவில் விளக்கம் சொல்ல நேரமாயிற்று. இரண்டாவது தெருவுக்குள் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது; ஆட்கள் தண்டை ஒடித்துக் கட்டாகக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தார்கள். நச்சு இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்டுகளைப் பெவ் பெரிய பானைகளில் கொதிக்கவைத்தாள். இரும்புப் பானை கூடாது என்று அல்தியா எழுதியிருந்தாள். இந்த முறை லோர்னா ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை.

ஒரு அங்கியின் கையை மட்டும் முதலில் முக்கிப் பார்த்தார்கள். எல்லாரும் தலையை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். கால் மணி நேரத்தில் பழுப்பு மஞ்சளாயிற்று. அரை மணியில் மஞ்சளும் கரைந்தது.

"போயிருச்சு!" என்று கத்தினான் கர்ட்டிஸ். "இஞ்சினியரம்மா, போயிருச்சு! உங்க கையக் குடுங்க, முத்தம் குடுக்கறேன்."

"எனக்கெதுக்கு? அல்தியாவுக்குக் குடு."

"அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியாதே."

"லேக் ரோடு கல்லறையில," என்றார் ஆஸ்ட்பி பானைக்குப் பின்னாலிருந்து. "நான் விசாரிச்சேன்."

வெள்ளிக்கிழமை காலை அலசல். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். லோர்னா ஒவ்வொரு தண்ணீரிலும், அமிலமோ காரமோ இருந்தால் நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்த்தாள். முதல் தண்ணீரில் தாள் நிறம் மாறியது. இரண்டாவதில் கொஞ்சம் மாறியது. மூன்றாவதில் மாறவே இல்லை. அதை அட்டையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

பிடிவாதமான சில கறைகளுக்கு எலுமிச்சையும் உப்பும் தடவி, அங்கிகளைப் புல்வெளியில் வெயிலுக்கு விரித்தார்கள். இருபத்திரண்டு வெள்ளை அங்கியும் கையை விரித்துக்கொண்டு மல்லாந்து கிடக்க, நடுநடுவே மாணவர்கள் மண்டிபோட்டு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் டைரக்டர் ஹால்ஸ்டெட் அந்தப் பக்கம் வந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை. பாதையில் நின்றார். எண்ணிப் பார்த்தார் போலிருக்கிறது, உதடு அசைந்தது.

"வீம்ஸ்."

கர்ட்டிஸ் எழுந்து நின்றான். கையில் பாதி எலுமிச்சை. "சார்."

"இது நம்ம அங்கிதானே?"

"ஆமா சார். வெயில் காயுது சார்."

"அதுல ஏன் உப்புப் போடறாங்க?"

கர்ட்டிஸ் எலுமிச்சையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். லோர்னா முன்னால் போனாள்.

"சார், கர்ட்டிஸ் மேல தப்பு இல்லை. அங்கியில கறை படிஞ்சதுக்குக் காரணம் நான்தான். மூணு தடவை அலச வேண்டியதுல ரெண்டை வேண்டாம்னு அடிச்சேன். இப்ப போக்கிட்டோம். நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு இஸ்திரி போட்டு உங்க கையில தருவோம். வேணும்னா ஒண்ணு எடுத்துப் பாருங்க."

ஹால்ஸ்டெட் குனிந்து ஒரு அங்கியைத் தூக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"பழப் பலகார வாசனை வருதே."

"ரூபார்ப் சார்," என்றாள் பெவ். "எலுமிச்சையும் கொஞ்சம்."

"ம்." அங்கியைப் பத்திரமாகப் புல்லில் விரித்தார். இரண்டு அடி நடந்தவர் திரும்பினார். "எங்க வீட்டுல ஒரு மேஜைவிரிப்பு இருக்கு. கல்யாணத்துக்கு வந்தது. பதினோரு வருஷமா ஒரு துருக்கறை. கொண்டுவந்தா பார்ப்பீங்களா?"

சனிக்கிழமை கச்சேரிக்கு வரலாற்று வகுப்பு முழுவதும் வந்து இரண்டாவது வரிசையை அடைத்துக்கொண்டது. லோர்னாவுக்குப் பாட்டு காதில் விழவில்லை. இருபத்திரண்டு மார்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு புள்ளி இல்லை. கடைசி ஆளையும் பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கர்ட்டிஸ் தனியாக ஒரு பாட்டு எடுத்தான். குரல் கூரையைத் தொட்டு இறங்கியது. கிண்டல் பண்ணுகிற அதே வாய்தானா என்று லோர்னாவுக்கு ஆச்சரியம்.

இறுதிக் கட்டுரையை அவள் முப்பத்தோரு பக்கம் எழுதினாள். ஐம்பத்தோரு வாளியும் ஏழரை மணி நேரமும் அதில் இருந்தன. பெவ் சொன்னது சரி, இயந்திரம் வேலையைக் குறைத்தது, ஆனால் துணியைக் கூட்டிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டிருந்தாள். மீதி முழுவதும் ஆறு துணித் துண்டுகள். 'எனக்குக் கொடுத்த பக்கத்தில் காரணம் இல்லை. அதனால் காரணமே இல்லை என்று முடிவு கட்டினேன்,' என்று ஓரிடத்தில் எழுதினாள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஆஸ்ட்பி பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'இது உன் துறையிலும் நடக்கும், என் துறையிலும் நடக்கும்' என்று குறித்திருந்தார். மதிப்பெண் ஏ. எழுத்துப்பிழைகள் பதினொன்று என்றும் கீழே போட்டிருந்தார்.

பொறியியல் பையன்களுக்கு விஷயம் தெரியாமல் போகுமா? வெப்பவியல் ஆய்வுக்கூடத்தில் ஒருவன் வாயைக் கோணிக்கொண்டு, "என்ன லோர்னா, துணி துவைக்கக் கத்துக்கிட்டியாமே?" என்றான்.

"ஆமா," என்றாள் லோர்னா. "வா, உனக்கும் சொல்லித் தரேன். நீலத்துல இரும்பு எந்த நிலையில இருக்குன்னு சொல்லு, அங்கிருந்து ஆரம்பிப்போம்."

அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு வேலை இருந்தது.

மே மாதக் கடைசியில் இலையுதிர் பருவத்துக்குப் பாடம் பதிவு செய்யும் நாள். உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜை மேஜையாகப் போட்டு, ஒவ்வொரு துறைக்கும் ஒரு வரிசை. லோர்னா வரலாற்று வரிசையில் நின்றாள். ஆஸ்ட்பி அடுத்த பாகத்தை அறிவித்திருந்தார். இப்போது லோர்னாவின் தலையில் தொப்பி இல்லை. வெயில் காலம், தேவையும் இல்லை. பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். பெவ். கையில் பதிவு அட்டை, முகத்தில் என்றைக்கும் இல்லாத கூச்சம்.

"ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக்கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"கெமிஸ்ட்ரி ரொம்பக் கஷ்டமா?"

லோர்னா அவளைப் பார்த்தாள். "எதுக்கு பெவ்?"

"அந்த ரூபார்ப் பானை முன்னால நின்னேன் பாரு, அதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. அந்தத் துரு எங்க போச்சு? கரைஞ்சுதுன்னா எதுவாக் கரைஞ்சுது? வீட்டுக்காரர் கிட்ட கேட்டேன், அவருக்குத் தெரியலை. பெரியவன் கிட்ட கேட்டேன், 'அம்மா, ஆளை விடு'ன்னான். முப்பத்தெட்டு வயசுல போய் சின்னப் பசங்களோட குடுவையை ஆட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

"ரொம்ப நல்லா இருக்கும்," என்றாள் லோர்னா. "முதல் மாசம் கொஞ்சம் கஷ்டம். கணக்கு வரும். நான் சொல்லித் தரேன். அதுக்குப் பதிலா நீங்க எனக்கு வரலாற்றுக் கட்டுரையில எழுத்துப்பிழை பார்த்துக் குடுங்க."

"பதினொண்ணு இருந்துச்சாமே."

"உங்ககிட்ட யாரு சொன்னா?"

"கர்ட்டிஸ் ஊருக்கே சொல்லிட்டான்."

லோர்னா தன் வரிசையை விட்டுவிட்டுப் பெவ்வின் கையைப் பிடித்து வேதியியல் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே உட்கார்ந்திருந்த இளைஞன் பெவ்வைப் பார்த்து, "உங்க பையனுக்கா மேடம்?" என்று கேட்டான்.

"எனக்கு," என்றாள் பெவ், அட்டையை நீட்டி. "ஸ்டாஹோவியாக். ஸ்பெல்லிங் சொல்றேன், எழுதிக்க. எஸ், டி, ஏ..."